மாரிசெல்வியின் கோட்டு

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து அறைக் கதவைத் திறந்தால், மாரிசெல்வியின் கோட்டில் ரத்தக்கறை. காலையில் அது இல்லை. அந்தக் கம்பெனிக் கோட்டைப் பதினெட்டு நாளாக ஆணியிலிருந்து யாரும் எடுக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்துச் செத்துப்போனாள் அவள். அவள் ஊரிலிருந்து வந்தவர்கள் துணிப்பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் ஒரே அறையில் அவளோடு இருந்தவள் நான். கோட்டைத் தொட எனக்கும் தைரியம் வரவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். ரத்தமில்லை, செம்பழுப்பாக ஏதோ நீர். கம்பெனி பஸ் நிற்கிற இடத்துப் பாதாம் மரத்திலிருந்து ஒரு பூச்சிக்கூட்டைக் காம்போடு ஒடித்து வந்து, பல்லிக்குப் பயந்து கோட்டுப் பாக்கெட்டில் ஊக்கால் குத்தித் தொங்கவிட்டிருந்தாள் மாரிசெல்வி. முட்டை அளவு, ஓடு மாதிரி கெட்டி. அதன் நுனி இப்போது ஈரமாகத் திறந்திருந்தது. மேலே, காலர் ஓரத்தில், ஒரு அந்துப்பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. கறை அது கழித்த நீர்தான். சிறகுகள் நனைந்த துணியாகச் சுருங்கிக் கிடந்தன.

"வெளிய வந்ததும் தொங்கணுமாம்ட்டி உலகு. கீழ விழுந்துட்டா ரெக்கை விரியவே விரியாது. ஒன் கைய வச்சிட்டுச் சும்மா இரி, என்னா?" என்று கூட்டைத் தொங்கவிட்ட அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில், போர்டுகளில் வளைந்த பின்களை இடுக்கியால் நிமிர்த்துவதுதான் என் வேலை. கசங்கின எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொண்டேன். காற்றில் விழுந்துவிடும் என்று ஃபேனையும் அணைத்தேன்.

அப்போதுதான் வீட்டுக்காரம்மா ராஜாமணி அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

"இன்னாம்மா, இன்னும் எடுக்கலியா? ஆறு மணிக்குப் புதுப் பொண்ணு வர்து... ஐயய்யோ, ரத்தம்!"

"ரத்தமில்லக்கா. பூச்சி வந்திருக்கு. ரெக்கை காயுத வரைக்கும் கோட்டை அசைக்கக் கூடாது."

"செத்தவ துணில உசுரா? வாணாம்மா. கொண்டா, கொளுத்திடறேன்."

துடைப்பம் ஓங்கியது. எனக்குக் கோபம் வந்தால் மரியாதையெல்லாம் பறந்துவிடும்.

"தொட்டுப் பாரு. கைய ஒடிச்சிருவேன்!"

மாரிசெல்விக்கென்று நான் செய்ய மிச்சமிருந்தது இது ஒன்றுதான். இதுவும் நசுங்கிச் சாகக் கூடாது.

அக்கா திகைத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். அது மாரிசெல்வியின் கட்டில் என்று உறைத்ததும் பதறி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

வியர்வை ஒழுக இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. அதில் கண் மாதிரி நான்கு பொட்டுகள். கண்ணின் நடு கண்ணாடி போல இருந்தது, பின்னாலிருந்த கோட்டு தெரிந்தது. அக்கா என் கையை இறுகப் பிடித்தார்.

ஆறு மணி ஆகப்போகும்போது பூச்சி நடுங்க ஆரம்பித்தது. அதோடு கோட்டும் நடுங்கியது, காலரிலிருந்து கைநுனி வரைக்கும், உள்ளே யாரோ கை நுழைத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. ஜன்னலைத் திறந்தேன். பூச்சி ஒரு சுற்றுச் சுற்றி என் முகத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போய்ட்டு வாம்மா," என்றார் அக்கா, பழக்கதோஷத்தில்.

சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். சாவு வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. செத்தவர்களை வா என்று யார் சொல்வார்கள்?

"சாத்தும்மா. ஜன்னல சாத்து."

நான் நகரவில்லை. பூச்சி போய்விட்டது, ஃபேன் அணைந்துதான் இருந்தது, வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. ஆணியில் கோட்டின் வலது கை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

ஜன்னலை நான் சாத்தவில்லை.