காட்டுக்குப் போன சம்பல்

"மாசி நல்லாப் புடிச்சிரிக்கி புள்ள" என்றார் என் கணவர் றிஸ்கான், ரொட்டித் துண்டைச் சம்பல் தூளில் இன்னொரு தடவை புரட்டிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை. சுபஹு தொழுதுவிட்டு வந்து குசினியில் நின்றபடியே தின்றுகொண்டிருந்தார். நான் அடுத்த ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்தேன். அதில் மாசிக் கருவாடே இல்லை. தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், புளி, உப்பு, அவ்வளவுதான். தர்சினியின் பாதயாத்திரைக்காக மீன் மச்சம் எதுவும் படாமல் நானே வறுத்து அரைத்ததில் மிஞ்சிய இரண்டு கரண்டி. அப்படித்தான் அவரிடம் சொன்னேன். அவர் நாக்கால் பல்லைத் துழாவி, விரல் நுனியில் ஒரு சின்னத் துணுக்கை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அப்ப இது என்ன, தேங்காயா?"

நான் தூளை வாயில் போட்டுப் பார்த்தேன். பிறகு அலுமாரியைத் திறந்து மாசி போட்டு வைக்கும் தகரப் பேணியைப் பார்த்தேன். வியாழக்கிழமை விளிம்பு வரை இருந்த பேணி ஒரு கை அளவு குறைந்திருந்தது. அடுப்பில் ரொட்டி கருகத் தொடங்கியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்முனையில் என்னைவிடக் காட்டுச் சமையல் தெரிந்தவர் கிடையாது. என்னைப் போல ஒரு இரவுகூட வெளியே தங்காதவரும் கிடையாது. முதுகில் வீட்டைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் சின்ன அடுப்பில் பத்து நிமிடத்தில் சமைத்துச் சாப்பிடும் வீடியோக்களை நான்கு வருடமாகப் பார்க்கிறேன். பனியில் ஒருத்தி நூடில்ஸ் கிண்டினால் எனக்கு இங்கே வாயூறும். என்றைக்காவது உதவும் என்று சப்பாத்து ஒரு சோடியும் பெரிய முதுகுப்பை ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். "இமயமலைக்கு எப்ப பயணம்?" என்று றிஸ்கான் மாதம் ஒருமுறை கேட்பார். ஆகவே கந்தோரில் என் அடுத்த மேசைக்காரி தர்சினி, உகந்தையிலிருந்து காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறேன் என்று சொன்னபோது, அவளைவிட நான்தான் துள்ளிக் குதித்தேன்.

அவளுக்கு அது விளையாட்டில்லை. போன வருடம் அவளுடைய தம்பி கிசோக் விபத்தில் கால் நசுங்கிப் படுத்தபோது, அவன் எழுந்து நடந்தால் தானும் நடப்பதாக நேர்ந்திருந்தாள். அவன் இப்போது பந்து அடிக்கிறான். நாற்பது நாளாக அவள் மீனைக் கண்ணாலும் பார்க்கவில்லை. கடலோரக் காரைதீவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது லேசான காரியமா? காட்டுக்குள் ஆறு நாள். கூடவே அண்ணன் மனைவி வினோஜா, ஏற்கெனவே ஆறு தடவை நடந்த குணம் மாமா. "பிஸ்கட்டும் சோயாவும் கொண்டு போறம்" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆறு நாள் நடக்கிற மனிசர் பிஸ்கட்டா தின்பது? சாப்பாடு என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் மனிசியாக இருக்கவில்லை. ஒரே பானை, கொஞ்சத் தண்ணீர், பத்து நிமிடம். இதற்குள் அடங்காத எதுவும் என் குசினியில் தங்கவில்லை. அரிசியை வறுத்துக் குறுணலாக உடைத்தால் பாதி நேரத்தில் வேகும் என்று கண்டுபிடித்த நாளில் கந்தோருக்கே பிந்திப் போனேன். குறுணல், வறுத்த பயறு, பொரித்து நொறுக்கிய கறிவேப்பிலை, எல்லாவற்றுக்கும் உயிராகச் சம்பல் தூள். வெந்நீரில் கொட்டிக் கிளறி மூடினால் சோறு. பின்வளவில் மூன்று கல் வைத்துச் சமைத்து றிஸ்கானுக்குக் கொடுத்துக் கொடுத்து அவர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். ஆறு தடவை செய்தும் தூளில் ஏதோ குறைந்தது. ஏழாவது தடவை நாக்கில் வைத்ததும் எனக்கே கண் கலங்கியது. அப்படியொரு ருசி.

இப்போது தெரிகிறது ஏன் என்று. வியாழக்கிழமை அந்த ஏழாவது தூளை நான் அரைத்துக்கொண்டிருக்கும்போது தர்சினி தொலைபேசி எடுத்தாள். தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை நெரித்துக்கொண்டு கதைத்தேன். "மச்சம் ஒண்டும் படாதுதானே நிப்லா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதா கா? புதுச் சட்டி வாங்கி வெச்சிரிக்கன், கிரைண்டர மூணு தரம் கழுவிட்டன்" என்றேன். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை தன்பாட்டில் அலுமாரியைத் திறந்து பேணிக்குள் போய் வந்திருக்கிறது. பதினைந்து வருடமாகச் சம்பல் அரைக்கிற கை. அதற்கு நேர்த்திக்கடன் தெரியாது. வாசமாவது காட்டிக் கொடுத்திருக்கலாம். எங்கள் வீட்டுச் சுவரே மாசி மணக்கும்.

நான் கட்டிக் கொடுத்த எல்லாப் பொதியிலும் அந்தத் தூள்தான் கலந்திருந்தது. அவர்கள் நேற்றே உகந்தைக்குப் போய்விட்டார்கள். இன்று காலை காட்டுக்குள் இறங்குவார்கள். இரவும் காலையும் கோயிலில் அன்னதானம் என்றபடியால் பொதி உடைபடுவது இன்று மதியம்தான். தர்சினி போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். குணம் மாமாவின் இலக்கத்துக்கு ஐந்து தரம் அடித்தேன்; தொடர்பே இல்லை.

"தூள்தானே" என்றார் றிஸ்கான் மெதுவாக. "அவங்களுக்கு விளங்கவா போகுது?"

நான் அவரைப் பார்த்தேன். எங்களுக்கு ஆகாத ஒன்றை யாராவது எனக்குத் தந்துவிட்டு, தூள்தானே என்று சும்மா இருந்தால் நான் என்ன செய்வேன்? அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "ஹெல்மெட்டப் போடு" என்றார்.

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று ஊர்கள் பின்னால் ஓட, நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்து கணக்குப் போட்டேன். பொதிகளைத் திருப்பி வாங்கினால் அவர்கள் எதைத் தின்பார்கள்? பொத்துவிலில் அப்போதுதான் திறந்த ஒரு கடைக்குள் பாய்ந்தேன். குறுணல், மைசூர்ப் பருப்பு, அவல், சர்க்கரை, செத்தல், வெங்காயம், தேசிக்காய், உப்பு, ஐந்து தேங்காய். மூன்று பேருக்கு ஆறு நாளுக்கு எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம். கடைக்காரர் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் என் பெரிய முதுகுப்பை நிறைந்துவிட்டது. இமயமலைக்கென்று வாங்கிய பை.

உகந்தையில் ஒன்பதே காலாகிவிட்டது. காட்டு வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த காவலர் என் அபாயாவையும் சப்பாத்தையும் முதுகுப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். "நங்கி, தங்கச்சி, கதிர்காமமா?" என்றார் சிங்கள வாடையடிக்கும் தமிழில். "இல்ல. சாப்பாடு மாறிப்போச்சு" என்றேன். நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எழுதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முதல் தங்கிடமான வாகூரவெட்டை வரைக்கும் போங்கள், திரும்பி வருவதற்குத் தண்ணீர் பவுசர் வண்டி இருக்கிறது, கூட்டத்தை விட்டு விலக வேண்டாம் என்றார். றிஸ்கான் தேங்காய்ப் பையைத் தோளில் போட்டார். நாங்கள் காட்டுக்குள் நுழைந்தோம்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்: நான் சந்தோசமாக இருந்தேன். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போகிறவள், பாலை மரத்தையும் வீரை மரத்தையும் வாய் பார்த்துக்கொண்டு போனேன். வெள்ளை மணல் பாதை, அதில் நூறு நூறு காலடிகள், நடுவில் யானை போட்டுவிட்டுப் போன பச்சை விட்டை, ஒரு மயில் யாரையும் சட்டை பண்ணாமல் குறுக்கே நடந்தது. பையின் வார் தோளை அறுத்தது. வீடியோக்களில் அதை யாரும் சொல்லவில்லை. முன்னால் போனவர்கள் "அரோகரா" என்று வழிவிட்டார்கள். "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். பின்னால் றிஸ்கான், "மெல்லப் போ புள்ள, தேங்கா உருளுது" என்று மூச்சு வாங்கினார். அடுத்த நிமிடமே தர்சினியின் முகம் ஞாபகத்துக்கு வரும். அவள் இனி என் கையால் வாங்கிச் சாப்பிடுவாளா? கந்தோரில் அவள் விரதம் இல்லாத நாட்களில் எங்கள் இருவருக்கும் ஒரே சாப்பாட்டுப் பெட்டிதான். ஊருக்குள் இந்தக் கதை போனால் வேண்டுமென்றே கலந்ததாகத்தான் போகும். அதைவிட அவள் அப்படி நினைத்துவிட்டால்?

வாகூரவெட்டையில் மரத்துக்கு மரம் அடுப்புப் புகைந்தது. அவர்களைக் கண்டபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. தர்சினி பானையை இறக்கி வைத்து, வினோஜாவிடம் தட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பல் தூளின் மணம் எனக்கு முன்னாலேயே வந்து என்னைச் சந்தித்தது.

"வாய்ல வெச்சிடாதீங்க!" என்று கத்தினேன். அக்கம்பக்கத்து அடுப்புகளில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிப்லா? நீ எப்படிகா இஞ்ச?" தர்சினி எழுந்தாள். முகம் எல்லாம் சிரிப்பு. "இப்பதான் இவங்களிட்ட உன்னப் பத்திக் கதைச்சிட்டு இருந்தன். மணத்தைப் பாரு புள்ள!"

அந்தச் சிரிப்பின் முன்னால் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. மாசி விழுந்திட்டு, என் கைதான், எனக்கே காலையில்தான் தெரியும்.

குணம் மாமா தட்டைக் குப்புற வைத்தார். "நாப்பது நாள் விரதம் இருந்து வந்த சனத்துக்கு இப்படியா செய்ற? தெரியாமத்தான் செஞ்சதெண்டு நாங்க எப்படி நம்புற?"

"வேணுமெண்டு செஞ்சவள் எழுவது மைல் ஓடி வருவாளா மாமா?" என்றாள் வினோஜா. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தர்சினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பொதியில?"

"எல்லாத்திலயும்."

"அண்டைக்குப் போன்ல கேட்டனே."

"ஓம். கேட்ட."

அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் ஒரு பற்றைப் புதருக்குள் கொட்டினாள். சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தாள், கழுவினாள், திரும்பவும் தேய்த்தாள். காலையிலிருந்து சுமந்து வந்த தண்ணீர்; அதைத் துளித் துளியாக ஊற்றினாள். என் போத்தலை நீட்டினேன். வாங்கினாள், முகத்தைப் பார்க்காமல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். றிஸ்கான் பழைய பொதிகளை எல்லாம் தன் பைக்குள் அடுக்கினார். கழுவிய பானையை அவள் கற்களின் மேல் வைத்துவிட்டு, நெருப்பைத் தள்ளிவிட்டு, எட்டிப் போய் உட்கார்ந்தாள். யார் சமைப்பது என்று சொல்லவில்லை. நான் பையை அவிழ்த்தேன்.

தேங்காய் துருவத் துருவலை இல்லை, அம்மி இல்லை, அளவுக் கரண்டி இல்லை. தேங்காயை உடைத்துச் துண்டு துண்டாகக் கீறித் தணலில் சுட்டேன். செத்தலையும் வெங்காயத்தையும் அதே தணலில் வாட்டி, வினோஜா கழுவித் தந்த கல்லில் வைத்து இடித்துத் தேசிக்காய் பிழிந்தேன். பானையில் குறுணலும் பருப்பும் கொதித்தன. மூன்று கிழமை அளந்து அளந்து செய்தது எல்லாம் மறந்துபோய், கை போன போக்கில், ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சமைத்தேன். கடைசியில் அகப்பை நுனி வாய்க்கு வந்துவிட்டது. "வேணாம் வேணாம்" என்றாள் வினோஜா பதறி. "சாமிக்கு வெச்சிட்டுத்தான்." நான் அகப்பையை இறக்கினேன். உப்புப் பார்க்காமல் நான் இறக்கிய முதல் பானை அது.

வாழையிலைத் துண்டில் கொஞ்சம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். நானும் றிஸ்கானும் தள்ளி நின்றோம். பிறகு வினோஜா பரிமாறினாள். குணம் மாமா தட்டை நிமிர்த்தவில்லை. அவல் போதும் என்றார். தர்சினியின் தட்டில் சோறும் சுட்ட சம்பலும் ஆவி பறந்துகொண்டிருந்தன. அவள் அதைக் குழைத்தாள். கொஞ்சம் பொறுத்தாள். உருட்டிய பிடியை விரலில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"உப்புக் காணா" என்றாள்.

கடையில் தாளில் சுற்றித் தந்த உப்புச் சரையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் சோறு படாத இடது கையை நீட்டினாள். நான் கையில் போடாமல், சரையை அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைக்கக் குனிந்தேன்.

"என்ன, கையில குடுத்தா சண்டை வரும் எண்டா?" அவள் இன்னும் சிரிக்கவில்லை. "அதுதான் வந்திட்டே. போடு கா."

பானை தேய்த்த கரி ரேகைகளில் அப்பியிருந்த உள்ளங்கை என் முன்னால் விரிந்து கிடந்தது. நான் சரைக்குள் விரலை விட்டேன்.