இருபத்தெட்டு நாள் கெடு

என் தம்பி கார்லைலைப் புதைத்த அன்றே அவன் பெண்டாட்டி யூலினிடம் கேட்டுவிட்டேன், "நீ எப்படி, இன்னிக்கே கிளம்புறியா, நாளைக்கா?" சாவுக்கு வந்து ரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டுமே. வீடு நிற்கிற நிலம் அப்பா எனக்கு எழுதிவைத்தது. பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது.

அவள் கையிலிருந்த மீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கட்டு மாத்தணும், காலைக் காட்டுங்கக்கா" என்றாள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை என் இடது பாதத்தைத் தின்று இரண்டு வருடமாகிறது. என் குடிசையைக் கறையான் தின்றபின் தம்பி வீட்டின் பின்னறையில்தான் கிடக்கிறேன். புண்ணைக் கழுவுவது, மூத்திரச் சட்டியைக் கொட்டுவது எல்லாம் யூலின். அதற்காக? கழுவினவளுக்கெல்லாம் நிலம் கொடுக்க முடியுமா? ஒரு பிள்ளை பெற்றிருந்தாலாவது பேச்சு வேறு.

எனக்கு வேண்டியது வீட்டின் முன்பக்கம். தெருவைப் பார்த்த இரண்டு ஜன்னல், பச்சை பூசிய வராந்தா. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொலைந்தால் நான் அங்கே மகாராணி மாதிரி உட்காரலாம். சமையலுக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டால் போயிற்று. முற்றத்துக் குழாய்க்குப் பூட்டுப் போட்டேன். சர்ச்சில் எல்லார் காதிலும் விழும்படி, "புருஷனை முழுங்கினவ பாடுறா, கேளுங்க" என்றேன். அவளோ எதிர்வீட்டு டெல்சி வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து என் புண்ணைக் கழுவினாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கடைசியில் டாக்ஸி வைத்துப் பிரிட்ஜ்டவுன் நகரத்து வக்கீலிடம் போனேன்.

"வீடு யார் பேர்லம்மா?" என்றார்.

"நாலு பலகைக்கு யார் பேர் என்ன வேண்டிக்கிடக்கு? நிலம் என்னோடது. உன்னோடது என்னென்ன இருக்கோ அத்தனையும் அள்ளிட்டுப் போ, இல்லேன்னா கோர்ட்டுன்னு அவளுக்கு எழுதுங்க."

அப்படியே எழுதினார். இருபத்தெட்டு நாள் கெடு.

யூலின் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "இதான் உங்க முடிவாக்கா?"

"படிக்கத் தெரியாதாடி? ஒரு துரும்புகூட இங்க கிடக்கக் கூடாது."

"சரிக்கா."

இருபத்தேழாம் நாள், சனிக்கிழமை காலை, தச்சன் ஸீலி ஆறு ஆட்களோடு லாரியில் வந்து இறங்கினான். எங்கள் பார்படோஸ் பலகை வீடுகள் கல் அடுக்கின்மேல் சும்மா உட்கார்ந்திருப்பவை. ஆணியைப் பிடுங்கினால் சுவர் சுவராகக் கழன்றுவிடும். அப்பா காலத்தில் வீட்டையே தூக்கிக்கொண்டு ஊர் மாறினார்கள். இப்போது எல்லோரும் சிமெண்ட். இருபது வருடமாக எங்கள் தெருவில் ஒரு வீடும் நகரவில்லை. பாவி, எனக்கு மறந்தே போயிருந்தது.

"டேய் ஸீலி! என் தம்பி வீட்டை என்னடா பண்றே?"

"உன் தம்பி ஆணிதான் அடிச்சான், மர்வா. பலகை, தகரம் எல்லாம் ஓட்டல்ல துணி துவைச்சு யூலின் வாங்கினது. ரசீது அவ பேர்ல. உன் வக்கீல்கிட்டயே காட்டிட்டா."

"பின்னறை?"

"அதுவுந்தான்."

கட்டிலோடு என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வேலியோரம் வைத்தார்கள். பக்கத்தில் என் பெட்டி, என் சட்டி. மத்தியானத்துக்குள் பச்சை வராந்தா லாரியில் ஏறிவிட்டது. மிஞ்சியது கற்கள் மட்டும்.

யூலின் வந்து குந்தி உட்கார்ந்தாள். புண்ணைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்டாள். வக்கீல் கடிதத்தை மடித்து என் தலையணைக்கடியில் செருகினாள்.

"ஒரு துரும்பு விடலக்கா. பாத்துக்குங்க."

"நான் எங்கடி போவேன்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். லாரியில் ஏறினாள்.

தெரு முனையில் லாரி திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. "டெல்சி! ஸீலி! யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன்.

டெல்சி குடையோடு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். "உள்ள வரலாமா மர்வா? உன் நிலமாச்சே. கால் வெச்சா கேஸ் போட்டுடுவியே."

புதுக் கட்டு நனைய ஆரம்பித்தது.