ஓர் அடுப்புக்கு ஒரு காட்

யசிந்தா தன் கடற்கரை ஊரான குருநகருக்குத் திரும்பி வந்து மூன்று வருசமாகிறது. கடற்படை பாதி நாள் கடலை அடைத்து வைத்தாலும் சட்டிக்கு நாலு மீன் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் போதும், அவளுக்கு வாழைப்பூப் பொத்திக் கறியில் மனம் போய்விடும். வெள்ளிக்கிழமை மீன் வேண்டாமென்று சொல்லும் கத்தோலிக்கக் குருநகர்ப் பெண்ணை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? "உனக்கு நீர்வேலிப் பேய் பிடிச்சிட்டுது" என்று புருசன் லியோன் சிரிப்பான். பிடித்தது உண்மைதான். அங்கே இருந்த மாதங்களை நினைத்தால் சண்டையும் பயமும் பின்னுக்குப் போய்விடும். பழம் மணக்கும் ஒரு கொட்டிலும் புகை மண்டிய ஒரு குசினியும்தான் முன்னுக்கு வந்து நிற்கும்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை தொடங்க, இரண்டு பிள்ளைகளையும் ஒரு துணிப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு அவர்கள் நீர்வேலிக்கு நடந்தார்கள். முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அங்கே கால் நீட்ட இடமில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து அனுங்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, வாழைத்தோட்டக்கார நமசிவாயத்தின் மனைவி குணலட்சுமி தன் வளவுக்குள் கூப்பிட்டு இடம் கொடுத்தாள். வாழைக்குலை அடுக்கும் கொட்டில் அது. கொழும்புக்கு லொறி போகாததால் வெறுமையாகக் கிடந்தது. குலை இல்லாவிட்டாலும் கப்பல் வாழைப்பழத்தின் மணம் மட்டும் கூரைக் கிடுகுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும் முதல் நாள் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிந்தன.

குணலட்சுமி நல்ல மனுசிதான். ஆனால் வந்த அன்றே எல்லை போட்டுவிட்டாள். கிணற்றுத் தண்ணீரைத் தானே அள்ளி ஊற்றுவாள். சோறு கொட்டில் வாசலுக்கு வரும். குசினிப் படியில் யசிந்தா கால் வைப்பதில்லை. கடற்கரை ஆட்களைத் தோட்டக்கார வீடுகளில் குசினிக்குள் விடுவதில்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்ததுதான். யசிந்தாவுக்குச் சுட்டது. நாலைந்து நாளில், வாசலுக்கு வரும் சோறே வேண்டாமென்று கையிலிருந்த கொஞ்சக் காசில் அரிசி வாங்கி, வெளியே மூன்று கல்லை வைத்துத் தானே சமைக்கத் தொடங்கினாள்.

மாரி வந்து அந்த ரோசத்தைக் கரைத்தது. ஐப்பசி மழையில் அடுப்பு நனைந்து அணைய, அவள் ஊதி ஊதி இருமிக்கொண்டிருந்தாள். குணலட்சுமி குசினி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மழைக்கை இருந்து ஊதி நெஞ்சைப் புண்ணாக்கப் போறியோ? பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு வா."

யசிந்தா அசையவில்லை.

"உன்னைத்தான் பிள்ளை. வா எண்டெல்லே சொல்லுறன்!"

அப்படித்தான் அந்தப் படியைத் தாண்டினாள். முதலில் ஓர் அடுப்பில் இரண்டு பானை. பிறகு, விறகு விற்கிற விலைக்கு இரண்டு பானை எதற்கென்று ஒரே பானை. குணலட்சுமி தேங்காய் திருவ, யசிந்தா அம்மியில் அரைப்பாள். ஊர்க்கதை முழுவதும் அந்த அம்மியில் சேர்ந்து அரைபடும். யசிந்தாவின் மீன் குழம்புக்கு நமசிவாயமும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் இரண்டாம் தரம் சோறு கேட்கத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை பொழுது படும்போதே மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். வெள்ளி சைவம். குருநகரில் வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, மீன் கட்டாயம் வேண்டும். ஆனால் இங்கே வெள்ளிக்கிழமைகளில் மீனைப் பற்றிய நினைவே வராத அளவுக்கு அவள் மாறிப்போனாள்.

ஒன்றுக்கு மட்டும் குணலட்சுமி பயந்தாள். நமசிவாயத்தின் அக்கா பத்மாசினி அடுத்த வளவில் இருந்தாள். நாக்கு நீளம். "மச்சாளுக்கு மட்டும் தெரியக்கூடாது. அவையள் தனியச் சமைக்கினம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்" என்று குணலட்சுமி சொன்னபோது யசிந்தா தலையாட்டினாள். உள்ளுக்குள் மட்டும் முள்ளொன்று இருந்தது.

இன்னொரு முள்ளும் இருந்தது. கைக்காசு தீர்ந்துபோனதால் அந்தப் பானையில் அவள் போட்ட அரிசி ஒரு பிடிகூட இல்லை. லியோன் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தான்தான்; ஆனால் விற்க வழியில்லாத தோட்டத்தில் வேலைக்கு என்ன பெறுமதி? நமசிவாயம் வீட்டு நெல்லும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கக்கடையில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் வருமானம் நின்றுபோன ஊர்க்காரருக்கும் நிவாரணமாக அரிசி, மா, பருப்பு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு அதே யோசனை. தன் பெயரில் ஒரு நிவாரணக் காட் எடுத்து, அதற்குத் தன் கையால் வாங்கிய அரிசியை அந்தப் பானையில் ஒரு நாளாவது போட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குசினியில் நிமிர்ந்து நிற்கலாம்.

காட் எழுதிக் கொடுக்கும் கிராம அதிகாரி, விதானையார் சீவரத்தினத்திடம் போனாள். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"அடுப்பு வேறை எண்டால்தான் காட் வேறை, பிள்ளை. வீட்டுக்காரற்றை பானையிலை சாப்பிட்டால் நீங்கள் அந்த வீட்டு ஆக்கள். நான் ஒரு நாளைக்கு வந்து பாத்துத்தான் எழுதுவன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் குணலட்சுமிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பழைய மூன்று கல்லையும் தேடி எடுத்துக் கொட்டில் தாழ்வாரத்தில் வைத்தார்கள். புது அடுப்பென்று தெரியாமலிருக்க இரண்டு நாள் தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்துக் கரி ஏற்றினார்கள். உடைந்த அகப்பை ஒன்றைப் பக்கத்தில் போட்டாள் குணலட்சுமி. கலியாண வீட்டுக்குச் சோடிப்பவர்கள் மாதிரி இரண்டு பேரும் தள்ளி நின்று அழகு பார்த்துச் சிரித்தார்கள். விதானையார் வரும்வரை தினமும் ஒரு கறியாவது அங்கே காய்ச்சுவதென்று தீர்மானம்.

விதானையார் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு வந்தார். கோயிலிலிருந்து விபூதிப் பொட்டலத்தோடு வந்த பத்மாசினியும் விடுப்புப் பார்க்கும் ஆசையில் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். விதானையார் அடுப்பைச் சுற்றிப் பார்த்தார். கரி சரி. சாம்பல் சரி. சட்டி மூடியைத் தூக்கினார். வாழைப்பொத்திக் கறி.

"இதென்ன பிள்ளை? குருநகர் அடுப்பிலை வெள்ளிக்கிழமையும் மரக்கறியோ?"

யசிந்தாவுக்கு உயிர் போய் வந்தது. கல்லுக்குக் கரி ஏற்றத் தெரிந்த இரண்டு பேருக்கும், சட்டிக்குள் இரண்டு மீன் துண்டு போட வேண்டுமென்று தோன்றவில்லை.

"அவருக்கு வயித்துக்குத்து, ஐயா. எழும்பமாட்டாமல் படுத்திருக்கிறார்."

சொல்லி வாய் மூடவில்லை, லியோன் ஒரு மொந்தன் வாழைக்குலையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்திலிருந்து விசிலடித்தபடி வந்தான்.

விதானையாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கெட்ட மனுசனில்லை அவர். கொடுக்க மனமிருந்தது, எழுத ஒரு காரணம்தான் வேண்டும். காட்டை எடுத்து முழங்காலில் வைத்துப் பேனையைத் திறந்தார்.

"சரி, வீட்டுக்காரி ஒரு சொல்லுச் சொல்லட்டும். நான் எழுதுறன். தனி அடுப்புத்தானே?"

குணலட்சுமி வாயைத் திறக்குமுன் பத்மாசினி முந்திக்கொண்டாள். "அதென்ன கேள்வி விதானையார்? தனி அடுப்புத்தான். எங்கடை குசினிக்குள்ளை உவையளைப் போய் விடுவமோ? எங்களுக்கெண்டு ஒரு முறை தலை இல்லையோ?"

பேனை காட்டில் ஊரத் தொடங்கியது. யசிந்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரிசி கிடைத்துவிட்டது. அந்த நேரம் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்குள் தண்ணீர் முட்டியது. இந்த வெட்கத்தைத் தின்றுதான் அந்த அரிசியைத் தின்ன வேண்டுமா என்றிருந்தது.

"எழுதாதேங்கோ!"

குணலட்சுமியின் குரல்தான். முகம் சிவந்துபோயிருந்தது.

"ஒரு பானைதான், விதானையார். மாரி தொடங்கின நாளிலையிருந்து ஒரே பானை. அம்மி அரைக்கிறது அவள். உலை வைக்கிறதும் அவள்தான். மச்சாள், போன கிழமை நீங்கள் ருசி எண்டு ரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்ட புளிக்கறியும் அவளின்ரை கைதான்."

பத்மாசினி விபூதியைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவள் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை.

விதானையார் எழுதியதைக் கோடு போட்டு வெட்டினார். யசிந்தாவால் தாங்க முடியவில்லை.

"என்ன அக்கா செய்துபோட்டியள்? ஒரு நிமிசம் வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் அரிசி கிடைச்சிருக்குமே!" அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் குணலட்சுமியோடு சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

"நான் மூடித்தான் பாத்தனான். ஏலாமல் போச்சு" என்றாள் குணலட்சுமி. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

விதானையார் எழும்பி வேட்டியைத் தட்டினார். "அழாதேங்கோ. ஒரு பானை எண்டால் ஒரு காட் இருக்குத்தானே. குணலட்சுமி, உன்ரை பேரிலை பதி. ஆனால் வீட்டுக்காரி நீதான் வரிசையிலை வந்து நிக்கவேணும். ஆளை அனுப்பினால் தரமாட்டினம்."

நமசிவாயம் வீட்டிலிருந்து அதுவரை ஒருவரும் நிவாரணத்துக்குப் போனதில்லை. குலை விற்காத மாதங்களிலும் நாங்கள் கை நீட்டுற ஆக்களோ என்று இருந்துவிட்ட வீடு அது. ஊர் முழுக்கப் பார்க்க, உமல் பையோடு சங்கக்கடை வாசலில் நிற்பதென்றால் சும்மாவா?

அடுத்த கிழமை குணலட்சுமி போனாள். யசிந்தாவும் கூடவே போனாள். வரிசையில் குணலட்சுமியைக் கண்டதும் ஆட்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். பத்மாசினி வீட்டு ஆளொருவரும் அங்கே நின்றார். குணலட்சுமி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக் காலை மாற்றி மாற்றி நின்றாள். முறை வந்ததும் சங்கக்கடை மனேச்சர் காட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்கடை வீட்டிலை நாலு பேரெல்லோ? விதானையார் எட்டெண்டு எழுதியிருக்கிறார். பிழையோ?"

"பிழையில்லை."

"அப்ப மற்ற நாலு பேர் ஆர்?"

குணலட்சுமி முக்காட்டைத் தள்ளிவிட்டாள். யசிந்தாவின் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள்.

"இவள் யசிந்தா. இவளின்ரை மனுசன் லியோன். பிள்ளையள் ரண்டு பேர். எங்கடை வீட்டு ஆக்கள்" என்றாள், வரிசையின் கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படியாக.