தொண்ணூற்று மூன்று சதவீதம்

கூட்டத்தில் இருந்தவர்கள்: சைட் மேனேஜர் அருண்பிரசாத். ஷிப்ட் சூப்பர்வைசர் நெடுமாறன். சுவரில் மாட்டிய திரைக்குள், சென்னை ஆபீசிலிருந்து பொது மேலாளர் பரமசிவம். கணக்குச் சொல்ல வேண்டிய மிஸ்ரியா. கதவோரத்தில், யாரும் கூப்பிடாமல் மிஸ்ரியா தானாகக் கூட்டி வந்த கொளஞ்சியப்பன். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களின் போன்களை வாங்கி வைத்துக் காவல் காப்பவர்.

“இவர் எதுக்கு?” என்றார் அருண்பிரசாத்.

“தேவைப்படுவாரு சார்.”

“சரி, ஏசிலயாவது ஒக்காரட்டும்,” என்றார் நெடுமாறன். கொளஞ்சியப்பன் உட்காரவில்லை.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனி அது. ஒரு வருஷத்துக்கு முன்னால் சென்னை ஆபீஸ் ‘சங்கமம்’ என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தது. தகவல், புகார், வேலை உத்தரவு எல்லாம் இனி அதில்தான். எத்தனை பேர் அதை உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்று அளந்து சொல்வது மிஸ்ரியாவின் வேலை. ஒரு வருஷ கான்ட்ராக்ட். தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினால் பெர்மனென்ட் என்று பரமசிவம் வாயாலேயே சொல்லியிருந்தார். இந்த டவுன்ஷிப்பில் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. பெர்மனென்ட் என்றால் பெண் பார்க்க வருகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பக்கத்து ஊரான வடக்குத்தில் அவள் அத்தா அப்துல் வஹீத் பாதித் தெருவுக்குச் சேதி சொல்லி முடித்துவிட்டார்.

இந்த மாதக் கணக்கு தொண்ணூற்று மூன்று.

அதோடு நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். மிஸ்ரியாவுக்கு அரைகுறையாக எதையும் கொடுத்துப் பழக்கமில்லை. நாள் கணக்கை மணிக் கணக்காகப் பிரித்துப் பார்த்தாள். காலையில் ஷிப்ட் இறங்கிய கொஞ்ச நேரத்தில் வரைபடக் கோடு சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் மேலே வந்ததும் தரையில் படுத்துவிட்டது. கீழே போகும்போது யார் கையிலும் போன் கிடையாது. போன் இல்லாத நேரத்தில் எல்லோரும் செயலியில் இருந்தார்கள். போன் கையில் கிடைத்ததும் ஒருவரும் இல்லை.

முந்தின நாள் காலை நேராகப் போன் அறைக்குப் போனாள். சுவர் முழுக்க மரப் பொந்துகள். பொந்துக்கு ஒரு போன். ஏதோ ஒன்று ‘பீப்’ என்றது. கொளஞ்சியப்பன் எழுந்து போய் எடுத்தார். திரையில் கோலம் மாதிரி ஏதோ இழுத்துத் திறந்து, ‘படித்தேன்’ என்ற நீலப் பொத்தானை அமுக்கி, திரும்ப வைத்தார். உட்காருவதற்குள் அடுத்தது கத்தியது.

“என்னண்ணே பண்றீங்க?”

“அமுக்கலன்னா கத்திகினே இருக்கும் பாப்பா. ஒண்ணு ரெண்டா? அத்தினியும் சேந்து கத்தினா கோழிப் பண்ணைல குந்திகினு இருக்கற மாதிரி இருக்குது. பசங்களே சொல்லிட்டானுங்க, நீயே அமுக்கிடுண்ணேன்னு.”

“எல்லார் லாக்கும் தெரியுமா?”

“தெரியாம? எல்லா லாக்கும் இந்த வெரல்லதான் கீது. வூட்டுக்குப் போயி என் போனத் தொறக்கறதுக்குத்தான் ரோசன பண்ண வேண்டிக் கீது.”

படிக்கும்வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நினைவூட்டும்படி செயலியைச் செய்திருந்தார்கள். சென்னையில் அது நல்ல யோசனையாகத் தெரிந்திருக்கும். இங்கே அது ஒரு மனிதரின் காதைத் துளைத்தது. அவர் காதுக்கு வேண்டிய அமைதிதான் கம்பெனியின் தொண்ணூற்று மூன்று சதவீதம்.

அன்று முழுக்க அவள் குழம்பவில்லை. சொல்லலாமா என்று யோசிக்கவும் இல்லை. எப்படிச் சொன்னால் மறுக்க முடியாது என்று மட்டும்தான் யோசித்தாள்.

இப்போது திரையில் பரமசிவம் சிரித்தார். “கங்கிராட்ஸ், மிஸ்ரியா. அருண், ஷிப்ட் மாறும்போது ரெண்டு செட்டும் நின்னு பேசறாங்களே, அத இந்த மாசத்தோட நிறுத்திடலாம். எல்லாம் சங்கமத்துலயே வந்துடுதே.”

நெடுமாறன் நிமிர்ந்தார். போகிறவரும் வருகிறவரும் முகம் பார்த்து, எந்த ரோலர் சூடாகிறது, எங்கே பெல்ட் ஒதுங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போவது அங்கே என்றைக்கும் உள்ள வழக்கம். சொல்லாமல் விட்ட ரோலர் தீப்பிடித்து அவர் ஒரு முறை பார்த்திருக்கிறார்.

“அதுக்கு முன்னாடி இன்னைக்கு நிலவரத்தப் பாருங்க சார்,” என்று மிஸ்ரியா திரையில் அன்றைய கோட்டைத் திறந்தாள். சுவர் மாதிரி நிற்க வேண்டிய நேரம். கோடு தரையோடு கிடந்தது.

பரமசிவம் கண்ணாடியைச் சரிசெய்தார். “என்ன இது? நெட் இல்லையா?”

“நெட் இருக்கு சார். கொளஞ்சியப்பன் இங்க இருக்காரு.”

நெடுமாறனுக்கு முதலில் புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அருண்பிரசாத்துக்குப் புரிந்ததும் முகம் கறுத்தது. மிஸ்ரியா முழுவதையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

“ஏய்யா, ஒன்ன யாரு அமுக்கச் சொன்னது?” என்று அருண்பிரசாத் பாய்ந்தார்.

“அமுக்காதன்னு யாரும் சொல்லலைங்களே. இப்ப அங்க பெருக்கற சாமியம்மாள குந்த வெச்சிட்டு வந்துகிறேன். அது காதுல பஞ்சு வெச்சிகினு கீது.”

“அவர விடுங்க சார்,” என்றாள் மிஸ்ரியா. “தப்பு எண்ணினதுல இருக்கு. பொத்தான் அமுக்கறத எண்ணினோம். அமுக்கறது கெடச்சுது.”

“அப்ப உண்மையான நம்பர் என்ன?” பரமசிவத்தின் குரலில் சிரிப்பு போயிருந்தது.

“தெரியாது சார். அளக்கணும். மூணாம் பெல்ட்ல ரோலர் சூடுன்னு ஒருத்தர் எழுதினா, அடுத்த ஷிப்ட்ல யாராவது படிச்சுப் போயி மாத்தினாங்களா? அத எண்ணுவோம். கொறச்சலாதான் வரும். ஆனா அது நம்ம நம்பர்.”

“மணிக் கணக்க யாரும் கேக்கலியே,” என்று அருண்பிரசாத் தணிந்த குரலில் சொன்னார். “ஒனக்கு நீயே ஆப்பு வெச்சுக்கற.”

“ஷிப்ட் பேச்ச நிறுத்தின மறு வாரம் பெல்ட் எரிஞ்சா, தொண்ணூத்து மூணுக்குக் கீழ யார் பேர் சார் இருக்கும்? என் பேரு.”

திரையில் படம் உறைந்துவிட்டதோ என்று நெடுமாறன் எட்டிப் பார்த்தார்.

“ஒரு காலைய வெச்சு முடிவு பண்ண மாட்டேன்,” என்றார் பரமசிவம். “ஒரு மாசம் போன யாரும் தொடாம பாருங்க. நீ சொல்றது சரின்னா பேச்சு நிக்காது. ஆனா தொண்ணூறும் இல்ல, அதனால பெர்மனென்டும் இல்ல. இன்னொரு வருஷம் கான்ட்ராக்ட்தான். ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேன் சார். புது நம்பர் எப்படி எண்ணணும்னு நாந்தான் எழுதுவேன். அடுத்த வருஷம் அத வெச்சுத்தான் பேசணும்.”

“கண்டிஷன் வேற போடுறியா?”

“ஆமா சார்.”

பரமசிவம் அருண்பிரசாத்தைப் பார்த்தார். அருண்பிரசாத் மேசையைப் பார்த்தார். “எழுதி அனுப்பு,” என்றார் பரமசிவம். திரை அணைந்தது.

வராந்தாவில் நெடுமாறன் அவளோடு நடந்தார். “அத்தாகிட்ட என்ன சொல்லுவ?”

“நடந்தத. ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவாரு. அப்புறம் சோறு எறங்கும்.”

போன் அறையிலிருந்து வந்த சத்தம் தூரத்திலேயே கேட்டது. சாமியம்மாள் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டுத் துடைப்பத்தோடு வெளியே ஓடினாள்.

“இன்னாய்யா இது! மனுசி குந்தற எடமா?”

“இனி ஷிப்ட் முடியற வரைக்கும் ரூமப் பூட்டியே வெப்போம்ணே,” என்றாள் மிஸ்ரியா.

“பசங்களுக்கு வூட்லேந்து போன் வந்தா?” என்று கொளஞ்சியப்பன் கேட்டார்.

“ஆபீஸ் போன் இனிமே ஒங்க மேசைல இருக்கும்ணே. அந்த நம்பர வூட்ல குடுக்கச் சொல்லி எல்லார்கிட்டயும் நெடுமாறன் அண்ணன் சொல்லிடுவாரு. மேசையையும் ஸ்டூலையும் வராந்தாவுக்கு எடுத்துடுங்க.”

அவர் ஸ்டூலைத் தூக்கினார். வாசலில் நின்று பொந்துகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். விரல் தானாக நீண்டது.

“அண்ணே.”

கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் பின்னால் மிஸ்ரியா கதவை இழுத்துச் சாத்தினாள், பூட்டினாள், பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.