உப்பிடாத கப்பல்

ஹெட்விக் ரோஸ் என்ற சரக்கு நீராவிக் கப்பலை மிச்சிகன் ஏரியில் இறக்கியபோது அதன் நீளம் நூற்று நாற்பது அடி. ஐந்து வருஷம் கழித்து மூழ்கியபோது நூற்று நாற்பத்தேழு. அளக்க வந்த அதிகாரி நாடாவின் மேல் பழி போட்டார். எங்கள் ஊரில் யாரும் நாடாவைக் குறை சொல்லவில்லை. அது பச்சை ஓக் மரத்தில் கட்டி, உப்பிடாமல் விட்ட கப்பல். விலா மரங்களுக்கு நடுவே கல்லுப்பைக் கொட்டி அடைத்தால்தான் பலகை அழுகாது. தான் ஒரு காலத்தில் காட்டில் நின்றதையும் மறக்கும். அதற்காக வந்த இருநூறு பீப்பாய் உப்பைத் தலைமைத் தச்சர் டெட்லெஃப் கூகன், 1889 அக்டோபரில், ஊர்ப் பெண்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டார். அது முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் வாரம். ஊறுகாய் இல்லாத குளிர்காலத்தை ஜெர்மன்காரர்களான எங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. உப்பில்லாத கப்பலை நினைத்துப் பார்க்க அப்போது யாருக்கும் நேரமில்லை. முதல் ஆளாக வண்டியோடு வந்து இரண்டு பீப்பாய் ஏற்றிக்கொண்டு போனவள் அவருடைய தங்கை ஓட்டிலி. உப்பு திரும்பி வருவதற்குள், கோதுமை காத்துக்கிடக்கிறது என்று முதலாளி கப்பலை இறக்கிவிட்டார்.

அடுத்த மே மாதம் கப்பல் தலைவரின் அறைச் சுவர் துளிர்த்தது. சமையல்காரன் சுவரில் முளைத்த கிளைகளில் துண்டுகளை உலர்த்தினான். மில்வாக்கித் துறைமுகத்தில் அணில்கள் ஏறிக்கொண்டன. துறையில் மூன்று நாள் நின்றால் வேர் பிடித்துவிடும். கோடரியால் வெட்டித்தான் புறப்பட வேண்டும். ஓட்டிலியின் கணவர் கிளெமென்ஸ் அதில் துணைத் தலைவர். சட்டைப் பையில் எப்போதும் இலை நறுக்க ஒரு கத்தரி வைத்திருந்தார். அவருக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. டெட்லெஃபுக்குத்தான் முதல் இலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

1894 நவம்பர் புயலில் கப்பல், கலங்கரை விளக்கம் கண்ணில் படும் தூரத்தில், ஒன்பது ஆட்களோடு நூற்று முப்பது அடி ஆழத்துக்குப் போனது. விசாரணையில் அலை என்றார்கள். டெட்லெஃப் உப்பு என்றார். ஓட்டிலி அன்றிலிருந்து அண்ணனிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். அவர் நின்றபடி சாப்பிட்டார், நடந்தபடி சவரம் செய்துகொண்டார், கரையில் மேலும் கீழும் போய் மாதம் ஒரு ஜோடி செருப்பைத் தேய்த்தார். செருப்புத் தைப்பவர் தன் வீட்டுக்கு மாடி கட்டினார்.

மறு வசந்தத்தில் ஏரியின் மேல் ஓக் இலைகள் மிதந்தன. பிறகு வலைகளில் மீனோடு கொட்டைகளும் சிக்கின. பதினேழாம் வருஷம் ஜூனில் உச்சிக் கிளை தண்ணீருக்கு மேலே வந்தது, காகங்கள் உட்கார்ந்தன. மரம் அதற்குமேல் நாளுக்கு அரை அடி உயர்ந்தது. அக்டோபரில் ஒரு காலை, கப்பலின் சுக்கான் அறை கிளைகளுக்கு நடுவே கூடு மாதிரி தொங்குவதைக் கண்டு டெட்லெஃப் படகுக்கு ஓடினார். அதில் ஓட்டிலி ஏற்கெனவே துடுப்போடு உட்கார்ந்திருந்தாள்.

மரத்தடிக்குப் போனபோது, நாற்பது அடி உயரத்தில், அந்த அறையின் சன்னலில், கிளெமென்ஸ் எட்டிப் பார்த்தார். ஒரு நரை கூட இல்லை.

"வா மச்சான். இவ்ளோ நேரமா வர்றதுக்கு?"

"மாப்ள, உப்பு போடல. எல்லாம் என்னாலதான்..."

"தெரியும். போட்டிருந்தா கட்ட மாதிரி அடியில போய்ப் படுத்திருக்கும். இது கெளைய நீட்டி ஒவ்வொருத்தனா புடிச்சுக்கிச்சு. எல்லாரும் இருக்கோம். சமையக்காரன் மட்டும் கோவிச்சுக்கிட்டுக் கீழ்க் கெளையில தனியா குந்தியிருக்கான்."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?"

"உன் மனசுக்காகப் பதினேழு வருஷம் மரத்துல உக்காந்திருப்பனா? எறங்க வழி பண்ணு."

டெட்லெஃப் படகின் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். ஓட்டிலி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"அந்த ரெண்டு பீப்பாய நான் திருப்பிக் குடுக்கவே இல்ல அண்ணே. அதச் சொல்ல முடியாமத்தான் பேசாம இருந்தேன்."

"யாருமே குடுக்கலம்மா."

"சரிண்ணே, ஏணி கொண்டு வா."

ஊரில் அவ்வளவு நீள ஏணி தேவாலயத்தில் மட்டுமே இருந்தது. மணியடிப்பவன் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, எப்போது திரும்ப வரும் என்று மட்டும் கேட்டான். ஒன்பது பேர் இறங்க வேண்டும், ஒருவர் கோபமாக இருக்கிறார், சாயங்காலம் ஆகலாம் என்றார் டெட்லெஃப்.