வாழைக்கு வாழ்க்கைப்பட்ட இன்ஜின்

இன்ஜினுக்கு ஜாதகம் பார்க்க வேண்டும் என்று என் மாமியார் பட்டம்மாள் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் உத்திராபதி டிவி சத்தத்தைக் குறைத்தார். அவர் அப்படிக் குறைப்பது பெரிய விஷயங்களுக்கு மட்டும்தான்.

என் ஜீப் படுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கிள்ளைக்குப் பக்கத்தில் எனக்கு இறால் குட்டைகள் இருக்கின்றன. மழை விழுந்துவிட்டால் அந்தக் கரைமேல் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் போகும். ஜீப் இல்லாததால் தினமும் உத்திராபதியின் மனசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அவருடைய பைக்கின் பின்னால் உட்கார வேண்டியிருந்தது. ஐப்பசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பைக்கும் போகாது, மனசும் போகாது.

செம்மங்குப்பத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் காசிநாதன் ஒரு டீசல் இன்ஜினை, அதன் ஐந்து கியர் பெட்டியோடு பிடித்து வைத்திருந்தான். அதைச் சொல்வதற்காக வீட்டுக்கு வந்திருந்தான்.

"நம்ம ஜீப்புல அளவா உக்காரும்க்கா. ஆனா மாத்திட்டுப் போயி ஆர்டிஓகிட்ட நிக்கக் கூடாது. மொதல்ல அனுமதி. அப்பறந்தான் ஸ்பேனரத் தொடுவேன். ஓனர் கையெழுத்து வேணும்."

ஓனர் உத்திராபதி. பணம் என்னுடையது. ஜீப்பை வாங்கும்போது, "யார் பேர்ல இருந்தா இன்னா?" என்று கேட்டார். நானும் சரி என்றுவிட்டேன்.

அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார். அதற்குள் காசி, இன்ஜின் ஓர் அமரர் ஊர்தியிலிருந்து கழற்றியது என்று சொல்லிவிட்டான்.

"சாவு வண்டி இன்ஜினா?" என்றார் மாமியார். "அதுல ஏறிப் போனவன் ஒருத்தனாவது திரும்பி வந்திருப்பானா?"

"டிரைவர் வந்திருப்பாருங்கம்மா."

உடனே சிதம்பரத்து ஜோசியருக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"பொறந்த தேதி?" என்றார் ஜோசியர்.

"மாசமும் வருசமும் அடிச்சிருக்குதுங்க. நேரம் இல்ல," என்றான் காசி.

"ஆணா, பொண்ணா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாமியார்தான் யோசித்துச் சொன்னார். "வண்டி இருந்த எடத்துலயே இருக்குது. இன்ஜின்தான வந்து சேருது. அப்ப பொண்ணுதான்."

"கூட கியர்பாக்ஸும் வருதுங்க," என்றான் காசி.

"அது சீரு."

நான் மறுக்கவில்லை. ஓர் உடம்பிலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்துகிறார்கள். மூடிக்கு அடியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் இழுக்கிறது. வித்தியாசமாகச் சத்தம் போட்டால் மட்டும் திறந்து பார்க்கிறார்கள். வேறென்னவாக இருக்கும்?

தோஷம் ஜாஸ்தி என்றார் ஜோசியர். இன்ஜினை முதலில் ஒரு வாழைக்குக் கட்டிவைத்து, அந்த வாழையை வெட்டிச் சாய்க்க வேண்டும். கெடுதல் வாழையோடு போய்விடும். அதன்பிறகு ஜீப்பில் ஏற்றலாம்.

இந்தப் பரிகாரம் எனக்குப் பழக்கமானதுதான். எனக்குச் செவ்வாய் தோஷம். கல்யாணத்துக்கு முன், கம்மாபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் என்னை ஒரு வாழைக்குக் கட்டிவைத்தார்கள். கயிற்றின் மஞ்சள் ஈரம் காய்வதற்குள் மாமா அரிவாளை ஓங்கினார். "திரும்பிப் பாக்காம போயி தலைக்குத் தண்ணி ஊத்திக்க" என்றார்கள். போய் ஊற்றிக்கொண்டேன். உத்திராபதியோடு சண்டை வரும் நாட்களில் அந்த வாழையை நினைத்துக்கொள்வேன். எது யார் பெயரில் இருக்க வேண்டும் என்று அது ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச நேரமும் கொடுக்கவில்லை.

காசியின் ஷெட்டில் இன்ஜின் சங்கிலியில் தொங்கியது. பக்கத்தில் எண்ணெய் டிரம்மில் மண் போட்டு நட்ட வாழை. மாமியார் இன்ஜினுக்கு மஞ்சள் பூசத் தொடங்கினார்.

"நம்பர் மேல மட்டும் பூசாதீங்கம்மா. அதப் பென்சில்ல தேச்சு எடுத்து ஆர்டிஓவுக்குக் குடுக்கணும்," என்று காசி கெஞ்சினான்.

மஞ்சள் கயிறு இரண்டையும் சேர்த்துக் கட்டியது. உத்திராபதி அரிவாளைக் கையில் எடுத்து, "நான்தான் வெட்டணுமா?" என்றார்.

"வண்டிக்குச் சொந்தக்காரன்தான் வெட்டணுமாம். தோஷம் கொஞ்ச நாளு வெட்டுனவன் கையில நிக்குமாம். பயப்படாத."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "சொந்தக்காரன்னா, காசு போட்டவங்கதானம்மா?"

"ஆர்.சி. புக்குல யார் பேரு இருக்குதோ அவுங்க. கேட்டுட்டேன்."

உத்திராபதி என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவ்வளவு அன்பாக அவர் என்னைப் பார்த்ததில்லை. "நியாயமாப் பாத்தா அது உன் வண்டிதான சத்யா. காசி, பேர் மாத்தறதுக்கு இன்னா ஃபார்ம்?"

காசியிடம் இருந்தது. தொங்கிய இன்ஜினின் தலைமேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். விரலெல்லாம் மஞ்சள்.

பெயர் மாறி, இன்சூரன்ஸ் மாறி, அதன்பிறகு என் கையெழுத்தில் அனுமதி வரும்வரை இன்ஜின் தொங்கிக்கொண்டே இருந்தது. வாழை புது இலை விட்டது.

மாட்டும் நாளில் மாமியார் வரவில்லை. "தாலியறுக்கறத நான் வந்து வேற பாக்கணுமா?" உத்திராபதிக்கு ஆபீசில் திடீரென்று வேலை வந்துவிட்டது.

காசி அரிவாளை என்னிடம் நீட்டினான். வாழைத்தண்டில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்க்காதே என்று சொல்ல அங்கே யாருமில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வெட்டறீங்களா, மாட்டட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா."

"மாட்டு."

"வெட்டாமலா? ரெண்டு புருசனாயிடுமே!"

"உனக்கு ஏதாச்சும் சிரமமா?"

"எனக்கு இன்னா? ஸ்டெப்னி இருந்தா சட்டப்படி நல்லதுதான்."

ஆய்வு முடிந்து, புது இன்ஜின் எண் என் பெயரோடு பதிவாகிவிட்டது. மறுநாள் காலை கிள்ளைக்குப் புறப்பட்டேன். மழை பிடித்துக்கொண்டது. குட்டைக்கரை ஏறும் இடத்தில் மாமியாரின் ஃபோன்.

"அந்த வாழைய வெட்டுனியா, இல்லியா? காசி மென்னு முழுங்கறான்."

"இல்ல அத்தை. பின்னால உக்காந்து வருது. கரையில நடப் போறேன்."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"கரை வழுக்கும்," என்றார். "குலுங்காம ஓட்டிட்டுப் போ."

எனக்காகச் சொன்னாரா வாழைக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கியரைக் குறைத்தேன்.