பதினோரு ஒன்றுகளை உடைத்தவர்

மீன் வாங்கப் போன மனுஷனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டு வேலாயுதன் ஓடிவந்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் வீட்டுக்காரர் பொன்னுதாஸ் கொல்லயில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மலையாள ராஜ்யத்தில் கிடந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊரே கொதித்துக்கிடந்த ஐம்பத்துநாலாம் வருஷம் அது. வேலாயுதன்கூட ஊர்வலத்தில் லத்தியடி வாங்கினான். இவரோ ஓர் எண்ணை உடைக்கிறேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார். வெளியே தலைகாட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்றைப் பதினோரு தடவை வரிசையாக எழுதினால் வருகிற எண் அது. ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியும் சொச்சமும். பார்த்தால் எதற்கும் வகுபடாது போலத்தான் இருக்கும். வகுபடும் என்று இவருக்குப் பிடிவாதம். காகிதம் தீர்ந்தால் தரை, தரை தீர்ந்தால் சுவர். அன்றைக்குச் சந்தைச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டு நின்றிருக்கிறார். சுவரில் கோஷம் எழுதுகிறவர்களைப் போலீஸ் தேடிப் பிடிக்கிற நேரம்.

சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் வேலை போய்விடும். அந்தச் சம்பளத்தை விட்டால் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"பதினோரு வர வரச்சிருக்கு. மறியலுக்குப் பதினோரு ஆளு வரும்ணு அடையாளமாக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். மலையாளத்துக்காரர், தமிழும் பேசுவார்.

"அது வரயும் இல்ல, கோடும் இல்ல சாரே, ஒண்ணு. கீழ வகுத்தல் கணக்கு கிடக்குல்லா. மறியலுக்குப் போறவன் வகுத்துப் பாத்துட்டா போவான்?"

லாக்கப்புக்குள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார். "சாரே, கடைசி ஒண்ண இறக்கதுக்குள்ள உங்க ஆளு கையப் பிடிச்சாச்சு. ஒரு சாக்குக்கட்டி தாருங்க."

தன்னை விடச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து வெளியே விட்டு, சாக்குக்கட்டியும் கொடுத்தார்.

இவர் தரையில் உட்கார்ந்து வகுத்தலை முதலிலிருந்து போட்டார். "இத வகுக்கக்கூடிய எண் ஏதும் உண்டும்னா, அத இருபத்திரண்டால வகுத்தா ஒண்ணுதான் மிஞ்சும். வேற எதுவும் இதுக்குப் பக்கத்துல வராது. அதனால இருபத்திமூணு, அறுபத்தேழு, எம்பத்தொம்பதுண்ணு தாண்டித் தாண்டி வந்தேன் சாரே. இப்ப 21649ல நிக்கேன்."

மிச்சம் 19484. கடைசி ஒன்றை இறக்கினார். 194841. அதோடு அவர் கை நின்றுவிட்டது. நான் உதட்டுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தேன்.

"ஒம்பது," என்றேன். "ஒம்பது தடவ. சரியாப் போகுது."

மிச்சம் பூஜ்யம். அவ்வளவு பெரிய எண் 21649 என்றும் 513239 என்றும் இரண்டாகப் பிரிந்து தரையில் கிடந்தது. எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோனது. என்ன அழகு அது. இன்ஸ்பெக்டர் நம்பாமல் இரண்டையும் தாமே பெருக்கினார். கூட்டக் கூட்ட அவர் கைக்குக் கீழே ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. பதினொன்றும் வந்து முடிந்ததும் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாஷே, இந்த மறியல் சமரத்தோட ஒரு பந்தமும் இல்லேண்ணு ஒரு வாக்கு சொல்லு. வீட்டுக்குப் போ."

இவர் கையிலிருந்த பொடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கணக்குக்குச் சமரத்தோட பந்தமில்ல சாரே. எனக்கு உண்டு. என் ஊரு தமிழ்நாட்டோட சேரணும். ஊர்வலத்துக்குப் போக நேரமில்லாமப் போச்சு, அதுக்காவ இல்லேண்ணு சொல்ல ஒக்குமா?"

"வேல போகும்."

"போகும்," என்று சொல்லிவிட்டுத் தாமாகவே லாக்கப்புக்குள் திரும்பிப் போனார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், நான் எடுத்துச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். வழியெல்லாம் ஏச்சு சேர்த்துவைத்துக்கொண்டு வந்தவள்தான் நான்; இப்போதோ, இப்படி ஒரு ஆளோடா இத்தனை நாள் குடித்தனம் பண்ணினேன் என்று நெஞ்சு நிறைந்துபோனது. கம்பியருகே போய் நின்றேன்.

"காலையில சோறு கொண்டு வாறேன். அடுத்தது எத்தன ஒண்ணு?"

"பன்னிரண்டு சும்மா, மூணாலேயே போகும். பதிமூணு."

"செரி. நான் வராம கடைசி இலக்கத்தப் போட்டிராதீங்க," என்றேன்.